தோளுக்கு மேல் எழாத கை

அரசு வேலையில் இருந்தவரை நான் யாரையும் முழுதாக நம்பியதில்லை. தாம்பரத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஏ.பி.பி.யாக இருந்தேன். போலீஸ் போடும் வழக்குகளை அரசுக்காக நடத்தும் வக்கீல். காலையில் வராந்தாவில் நின்று, "எல்லாத்தையும் என் கண்ணால பார்த்தேன் மேடம்" என்று சொன்ன சாட்சி, பதினொரு மணிக்குக் கூண்டில் ஏறியதும் என் முகத்தையே பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க" என்பார். ஒரே ஆள் மூன்று வழக்குகளில் தற்செயலாக அந்தப் பக்கம் போய், மூன்று கத்திகள் கைப்பற்றப்படுவதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னதுண்டு. அந்த மனிதர் டீ குடிக்கப் போகும் இடமெல்லாம் குற்றம் நடந்துகொண்டிருந்தது.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் போடுகிறவர், "நேத்து லேட்டாயிடுச்சும்மா" என்றால், "எதனால?" என்று கேட்பேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவர் உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "அவரை விட்டுடு. அவர் குற்றத்தை ஒப்புக்கிட்டாச்சு."

ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார முடியவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சிறிய அறை எடுத்து, தனியாக வழக்கு நடத்த ஆரம்பித்தேன். பழைய சக வக்கீல்கள் சிரித்தார்கள். "இத்தனை வருஷம் உள்ள தள்ளினீங்க, இப்ப வெளிய எடுக்க வந்துட்டீங்களா மேடம்?" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்சிக்காரர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம், எதிர்ப்பக்க வக்கீலாகவே என் மனம் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் எதை மறைக்கிறார்? இதை யார் சொல்லிக்கொடுத்தது?

அப்படியிருந்த ஒரு காலையில்தான் ஓர் ஆட்டோக்காரர் படியேறி வந்தார்.

நெடுநெடுவென்ற உருவம். காக்கிச் சட்டை. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"மேடம், என்னைத் தெர்தா?"

முகம் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

"அனகாபுத்தூர் மேடம். ஆட்டோ நிறுத்துற தகராறு. இரும்பு ராடு. நீங்கதான என்ன உள்ள அனுப்புனீங்கோ."

எனக்கு நினைவு வந்துவிட்டது. என் கை தானாக மேசையில் இருந்த போனைத் தேடியது.

அது பல வருடங்களுக்கு முந்தைய வழக்கு. அனகாபுத்தூரில் ஆற்றோரம் ஒரு குறுகலான சந்து. எதிரெதிர் வீடுகள். ஒரு வீட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற இவர், எதிர்வீட்டில் ஒரு பெயின்டர். சந்தில் ஆட்டோவை நிறுத்துவதில் பேச்சு முற்றி, இவர் வண்டியிலிருந்த இரும்பு ராடை எடுத்துப் பெயின்டரின் வலது தோளில் அடித்தார். எலும்பு நொறுங்கி, கோணலாகக் கூடியது. அரசு மருத்துவமனை டாக்டரை நான் கூண்டில் ஏற்றி, அந்தக் கை இனித் தோள் உயரத்துக்கு மேல் எழாது என்று சொல்ல வைத்தேன். வழக்கே அந்த ஒரு வரியில்தான் நின்றது. ஆறிக் கூடிவிடும் முறிவு என்றால் சின்ன தண்டனை. நிரந்தர ஊனம் என்பதால் பெரிய தண்டனை. தீர்ப்பு சொன்ன அன்று இவர் சத்தம் போடவில்லை. போலீஸ் கையைப் பிடித்து அழைத்துப்போகும்போது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

இப்போது என் அறை வாசலில் நிற்கிறார். அறையில் நான் தனியாக இருக்கிறேன்.

"என்ன வேணும்?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"ஒரு கேஸ் மேடம். நீங்கதான் நடத்தணும்."

"உங்க கேஸா?"

"என்னுது இல்ல. எதிர்வூட்டுக்காரன் கேஸு."

"எந்த எதிர்வீட்டுக்காரர்?"

"நான் அட்ச்சேனே மேடம், அவன்."

அவர் சொன்னது இதுதான். கை போனபின் அந்த மனிதரால் ஏணியில் ஏறிப் பெயின்ட் அடிக்க முடியவில்லை. தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறார். அவரைப் போன வாரம் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் ஒரு டீச்சரம்மா கழுத்திலிருந்து செயினை அறுத்துக்கொண்டு பைக்கில் இரண்டு பேர் போனார்கள். பைக் நம்பர் கேமராவில் விழுந்திருக்கிறது. அந்த நம்பர் இஸ்திரிக்காரர் பெயரில் இருக்கிறது. பைக்கை எப்போதோ ஒரு புரோக்கரிடம் விற்றுவிட்டார், பெயர் மாற்றவில்லை. டீச்சரும் ஸ்டேஷனில் பார்த்து, பின்னால் உட்கார்ந்து செயினைப் பிடுங்கியவன் இவன்தான் என்று சொல்லிவிட்டார்.

"அவர்தான் உங்களை அனுப்பினாரா?"

"அவனா? அவன் என்னாண்ட பேசியே எத்தினியோ வருசம் ஆவுது. நான் வந்ததே அவனுக்குத் தெரியாது."

"அப்புறம் நீங்க ஏன் வந்தீங்க?"

"நீங்க எடுத்துக்கங்க மேடம். வேற யார் எடுத்தாலும் தோத்துடும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் கணவரிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிக்கட்டில் யார் ஏறினாலும் பேப்பருக்கு மேலே பார்த்தார். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால்கூட என்னைக் கூப்பிடுகிறவர் அவர். இருந்தாலும் எனக்கு ஒரு தைரியமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து இஸ்திரிக்காரரின் மனைவி வந்தார். ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ, "பழைய ஏ.பி.பி. மேடத்தைப் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யார் சொல்லி அந்த யாரோ சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. நான் முன்பு தன் புருஷனுக்காகக் கோர்ட்டில் பேசிய அம்மா என்பதால் நம்பிக்கையோடு வந்திருந்தார். அழவில்லை. "அவுரால ஒரு சட்டயக்கூட கொடில மாட்ட முடியாதும்மா. அவுரு எங்க போயி செயினை அறுப்பாரு?" என்றார்.

ஜாமீன் வாங்கினேன். வெளியே வந்ததும் இஸ்திரிக்காரர் என்னைப் பார்க்க வந்தார். ஒல்லியாகி, கன்னம் ஒட்டி, வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வழக்கை மேலே நடத்துவதற்கு முன் அவரிடம் மறைக்கக் கூடாது என்று, ஆட்டோக்காரர் வந்துபோனதைச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் இறுகியது. "அவனா? அப்ப அவன்தான் மேடம் இதைச் செஞ்சது."

"எதை?"

"எல்லாத்தையும். என் வண்டிய புரோக்கராண்ட இருந்து அவன்தான் ஆள் வெச்சி வாங்கிருப்பான். என்னை மாட்டி வுட்டுட்டு, நல்லவன் மாதிரி உங்களாண்ட வந்துகீறான். என்னைப் பாத்தாலே ஜன்னலாண்ட வந்து நிப்பான் மேடம். வெறும்னே பாத்துகினே நிப்பான். ஜெயில்லேருந்து வந்த நாள்லேருந்து."

எனக்கும் அதே எண்ணம் ஏற்கெனவே வந்திருந்தது. பைக் புரோக்கரைத் தேடினேன். கடையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். எந்த ஊர் என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை ஆட்டோக்காரர் வந்தபோது நேராகவே கேட்டேன்.

"அந்த பைக்கை நீங்க வாங்கினீங்களா?"

மூலையில் பேப்பர் தாழ்ந்தது.

ஆட்டோக்காரர் கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தார். "இன்னா மேடம், என்னையே கேக்குறீங்கோ. நான் வாங்குல. கேளுங்கோ, கேக்க வேண்டியதுதான்."

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. குற்றமற்றவர்களும் அப்படிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். குற்றவாளிகளும் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்தபோது கேட்டுக்கு எதிரே அவர் ஆட்டோ நின்றது. சவாரிக்காகத்தான் நின்றார் என்று கணவர் சொன்னார். உண்மையாகவே மூன்று பேர் ஏறிக்கொண்டு போனார்கள். ஆனாலும் அன்று முழுவதும் அது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

குற்றப்பத்திரிகை வந்தது. கேமராவில் பதிவான படத்தைப் போட்டுப் பார்த்தேன். டீச்சர் ஒரு கடையின் உயரமான படியில் நிற்கிறார். பைக் அவருக்கு இடப்பக்கமாக ஒட்டி வருகிறது. பின்னால் இருப்பவன் முகத்தில் துணி கட்டியிருக்கிறான். வலது கையை உயர்த்தி, தன் தலைக்கும் மேலே நீட்டி, செயினைப் பிடித்து இழுக்கிறான். கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நேராக, வேகமாக மேலே போன கை.

அப்போதுதான் ஆட்டோக்காரர் ஏன் என்னைத் தேடி வந்தார் என்பது பாதி புரிந்தது. அந்தக் கை மேலே எழாது என்று இதே கோர்ட்டில் நிரூபித்தவள் நான். அது எழாது என்றால் செயினைப் பிடுங்கியது இவர் அல்ல.

இது புரிந்ததும் நிம்மதி வரவில்லை. வேறொரு சந்தேகம் வந்தது. அந்தக் கை நிஜமாகவே எழாதா? அன்றைக்கு நான் அரசு வக்கீல். அடிபட்டவர் வலிக்கிறது என்றார், டாக்டர் எழாது என்றார். எனக்கு வேண்டியதும் அதுதான். எதிரியைப் பெரிய தண்டனையில் மாட்டுவதற்காக ஒருவர் கையைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டியிருந்தால்? அப்படியானால் பழைய வழக்கும் பொய், இப்போதைய பதில் வாதமும் பொய். இரண்டிலும் வக்கீல் நான்.

புதிதாகப் பரிசோதனைக்கு அனுப்பினேன். எலும்பு டாக்டர் சான்று கொடுத்தார். ஆனால் நான் துருவிக் கேட்டபோது சொன்னார்: "எலும்பு கோணலா கூடியிருக்கிறது உண்மை மேடம். ஆனா எவ்வளவு தூக்க முடியும்ங்கிறது, அவர் தூக்கிக் காட்டறதைப் பொறுத்தது. வலியை எக்ஸ்ரேல பார்க்க முடியாது."

அறைக்கு வந்த இஸ்திரிக்காரரிடம், மேல் தட்டிலிருந்த தடிமனான சட்டப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். அவர் கால்விரலில் எம்பி, இடது கையால் எடுத்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், ஏன் எடுக்கச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் ஒரு நாள் சொல்லாமல் அனகாபுத்தூருக்குப் போனேன். சந்து முனையில் அவர் இஸ்திரி வண்டி. எதிரே மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டுக்கொண்டு நின்றேன். இடது கையில் இஸ்திரிப் பெட்டி. வலது கை சட்டையை இழுத்து, மடித்து, திருப்பி, காலரை நீவிக்கொண்டிருந்தது. அவ்வளவு சுறுசுறுப்பான கை. பிறகு காற்றில் ஒரு துப்பட்டா பறந்து, வண்டியின் மேற்கூரைத் தகரத்தில் போய் விழுந்தது. வலது கை கிளம்பியது, மார்பு வரை வந்து நின்றது, இறங்கியது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் எடுத்தார். அவர் என்னைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது. மருந்துக் கடையில் பெரிய கண்ணாடி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். தன் வீட்டு மாடி ஜன்னலில் ஆட்டோக்காரர் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே அவரை வரச் சொன்னேன். கணவரும் இருந்தார்.

"இப்ப மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கு இந்தக் கேஸ்ல என்ன அக்கறை? அவர் உள்ள போனா உங்களுக்கு சந்தோஷம்தானே?"

அவர் வாசலிலிருந்தே சொன்னார்.

"அவன் கை நல்லா கீதுன்னு இந்தக் கோர்ட்டு சொல்லிட்டா, அப்ப நான் இன்னாத்துக்கு மேடம் உள்ள கெடந்தேன்?"

கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அட்ச்சது நான்தான். இல்லன்னு சொல்லல. கை போச்சுன்னு நீங்க சொன்னீங்கோ, ஜட்ஜு ஐயா சொன்னாரு, போனேன். இப்ப அதே கையால செயினை அறுத்தான்னு சொல்றாங்கோ. ஒண்ணு அது பொய்யாவணும், இல்ல இது பொய்யாவணும். ரெண்டும் எப்படி மேடம் நெஜமாவும்?"

இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமான வாதத்தை நான் சில வக்கீல்களிடம்தான் கேட்டிருக்கிறேன். அவரையே எங்கள் பக்கச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது என்று அப்போதே தோன்றிவிட்டது. மனைவி சொன்னால் மனைவி என்பார்கள். டாக்டர் சொன்னால் அவர் காட்டியதை எழுதினார் என்பார்கள். எதிர்வீட்டில் இருந்து தினமும் பார்க்கிற, பேச்சுவார்த்தை இல்லாத பகையாளி சொன்னால்?

ஆனால் முடிவெடுத்த பின்னும் தயங்கினேன். ஒருவேளை இத்தனையும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இருந்தால்? என்னை நம்ப வைத்து, கூண்டில் ஏறி, "அவன் கை நல்லாத்தான் கீது, அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, என்னைப் பொய்யா உள்ள தள்ளினாங்கோ" என்று சொல்லிவிட்டால்? எதிர்வீட்டுக்காரர் உள்ளே போவார், பழைய வழக்கு சந்தி சிரிக்கும், நான் இரண்டு பக்கமும் அவமானப்படுவேன். ஒரே கல்லில் எல்லாம் விழும். பழிவாங்க நினைப்பவன் இதைவிட நல்ல இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. கூண்டில் ஏறியதும் மாறிய எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்!

என்ன செய்யலாம் என்று கணவரிடம் கேட்டேன். "அவர் சொன்னதை நம்பறியா?" என்று திருப்பிக் கேட்டார்.

"பாதி."

"உனக்கு அதுவே ஜாஸ்தி" என்றார்.

இஸ்திரிக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அவன் சொல்லி நான் வெளிய வரணுமா மேடம்?" என்றார். அவர் மனைவிதான், "நீ உள்ள போனா வண்டிய யார் தள்ளுவா? வாய மூடிகினு இரு" என்று அடக்கினார்.

விசாரணை நாளில் நான் எதிர்ப்பக்க மேசையில் நின்றேன். என் பழைய இடத்தில் இப்போது ஓர் இளைஞர். நல்ல வக்கீல், கொஞ்சம் வேகம். டீச்சர் கூண்டில் ஏறினார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர், நேர்மையான முகம். இஸ்திரிக்காரரைக் காட்டி, "இவர்தான். கண்ணை மறக்க மாட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்கிறவரைக் குறுக்கு விசாரணை செய்வது சுலபம்.

"ஸ்டேஷன்ல உங்களுக்கு எத்தனை பேரைக் காட்டினாங்கம்மா?" என்று கேட்டேன்.

"இவரை மட்டும்தான். வண்டி இவர் பேர்லதான் இருக்குன்னு சொன்னாங்க."

"செயினை எந்தக் கையால பிடிச்சார்?"

"வலது கை."

"எவ்வளவு உயரத்துக்குக் கை வந்தது? கொஞ்சம் காட்டறீங்களா?"

டீச்சர் தன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். அரசு வக்கீல் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

இன்னொரு நாளில் எங்கள் பக்கச் சாட்சி. எலும்பு டாக்டருக்குப் பிறகு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கூண்டில் ஏறினார். பின் பெஞ்சில் கணவர், கையில் விரிக்காத பேப்பரோடு.

நான் குறைவாகவே கேட்டேன். எதிர்வீட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறார், இஸ்திரிக்காரரின் வலது கை எப்படி இருக்கிறது.

"தோளுக்கு மேல போவாது ஐயா" என்றார்.

சொல்லிவிட்டார். மாறவில்லை. ஆனால் குறுக்கு விசாரணை பாக்கி இருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். "நீங்க தண்டனை பெற்ற குற்றவாளிதானே?"

"ஆமாங்க ஐயா."

"எதுக்காக?"

"இந்தக் கையத்தான் ஐயா ஒட்ச்சேன்."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் சுதாரித்துக்கொண்டார்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் இப்ப சமாதானம் ஆயிட்டீங்க. அவரைக் காப்பாத்த வந்திருக்கீங்க."

"இல்ல ஐயா. எனக்கும் அவனுக்கும் பேச்சே கெடயாது."

"பேச்சே கிடையாது. நண்பர் இல்லை. டாக்டரும் இல்லை. அவர் கை மேல போகாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்கக் கூடாத கேள்வி. எப்படி, ஏன் என்று எதிர்ப்பக்கச் சாட்சியைக் கேட்காதே என்று புது வக்கீல்களுக்கு நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் பதில் என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியாது.

ஆட்டோக்காரர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஜெயில்லேருந்து வந்த நாள்லேருந்து அவனைப் பாத்துகினே கீறேன் ஐயா. நம்பல நானு. நடிச்சி என்னை உள்ள தள்ளிட்டான்னுதான் நெனச்சேன். என்னிக்காச்சும் ஒரு நாளு கையத் தூக்குவான், கையும் களவுமா புடிச்சிக் கோர்ட்டுக்கு இஸ்துகினு வரணும்னு ஜன்னலாண்டயே நின்னேன். துணி கொடில மாட்டுவானா, சிலந்திவலை அடிப்பானா, பல்பு மாட்டுவானான்னு பாத்தேன். ஒரு தபா எங்க சந்துல தண்ணி ஏறி, சாமான்லாம் பரண்ல ஏத்துனாங்கோ. அப்பகூட அவன் கீழ நின்னுதான் எட்த்துக் குட்த்தான், அவன் சம்சாரம்தான் மேல வெச்சிது. யாரும் பாக்காதப்ப பாத்தேன் ஐயா. தூக்கவே இல்ல. ஒரு தபாகூட."

கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

"அவன் தூக்கணும்னு என்னைவிட ஆசப்பட்டவன் ஒர்த்தனும் கெடயாது ஐயா."

அரசு வக்கீல் தாள்களைப் புரட்டினார். பிறகு, "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

நான் இஸ்திரிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஆட்டோக்காரரைப் பார்க்கவில்லை. தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் நன்றி இல்லை. யாரோ வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதுபோல ஒரு கூச்சம்.

விடுதலை கிடைத்தது. உண்மையில் செயினைப் பிடுங்கியவன் யார் என்பது இன்றுவரை தெரியாது. பைக்கும் கிடைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு கோர்ட் வாசலில் டீச்சர் என்னிடம் வந்தார். "நான் பொய் சொல்லலை மேடம்" என்றார்.

"எனக்குத் தெரியும்மா."

"அப்போ நான் பார்த்த கண்ணு யாருடையது?"

கேட்டுவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அந்தக் கேள்வியோடுதான் அவர் இனி ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனைக் கடக்க வேண்டும்.

இரண்டு பகையாளிகளும் அன்று தனித்தனியாகத்தான் போனார்கள். "அவன் சாட்சி சொன்னதுக்காக நான் அவனாண்ட பேசணுமா மேடம்?" என்று இஸ்திரிக்காரர் என்னிடம் கேட்டார். சட்டப்படி அவசியமில்லை என்றேன். அவர் மனைவி மட்டும் ஆட்டோ நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். ஆட்டோக்காரர் கவனித்தாரா என்று தெரியாது.

சில வாரங்கள் கழித்து ஆட்டோக்காரர் மறுபடி படியேறி வந்தார். இந்தமுறை உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தகரம் அட்ச்சிட்டான் மேடம்" என்றார்.

"யார்?"

"அவன்தான். என் ஜன்னலுக்கு நேரா, அவன் வண்டிக்கு மேல ஒசரமா, ஆள வெச்சி தகரம் அட்ச்சி மறச்சிட்டான். ஒண்ணும் தெரியல. அதுக்குக் கேஸ் போட முடியுமா?"

"அவர் வண்டில அவர் அடிச்சா நீங்க எப்படிக் கேஸ் போடுவீங்க? உங்களுக்கு அங்க பார்க்க என்ன இருக்கு இனிமே?"

அவர் யோசித்தார். கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"அதுவும் கரெக்டுதான்" என்றார் ஆட்டோக்காரர். டீயை ஊதிக் குடித்தார். "இத்தினி வருசமா அப்பீல் போடணும்னு நெனச்சிகினே இருந்தேன் மேடம். அவன் கையத் தூக்கட்டும், போட்டுடலாம்னு. இனிமே அதுவும் இல்ல. காலைல எழுந்தா இன்னா பண்றதுன்னே தெரியல."

சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று அவராகவே எழுந்தார். பல்லாவரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகவேண்டுமாம். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டதும், மேசையிலிருந்த அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தேன். பெருங்களத்தூரில் ஒரு வாடகைத் தகராறு. கட்சிக்காரர் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தார்.